ஏழு மடைக்கு நம்பர் போட்ட கதை

புதிதாக வந்திருக்கும் மூன்று பேரும் முதலில் அந்த நம்பர் பட்டனிலிருந்து கையை எடுங்கள்.

போன வாரம் சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைக்கு வந்தேன். வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில், உங்களில் ஒருவர் ஓர் ஆய்வேட்டிலிருந்த பட்டியல்களை எல்லாம் வளைத்துப் பிடித்து, ஒரே தட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டதைப் பார்த்தேன். யார் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால்தான் வீட்டுக்குப் போய் ஆற அமர உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தேனியில் இதே கடையில், ஜன்னலோர மேசையில், இருபத்தாறு வருடம் ஆய்வேடு டைப் செய்து ஒழுங்கு செய்தவள் நான். ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது, பட்டியலின் இரண்டாவது வரி எங்கே ஆரம்பிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு முதலாளி சொல்லித் தருவார். அதில் எனக்கு ஒன்றும் கவலை இல்லை. முன்பின் இருக்கிற விஷயத்துக்கு எண், முன்பின் இல்லாத விஷயத்துக்குப் புள்ளி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பெண்ணின் ஆறு வருட உழைப்பைக் கிணற்றில் தள்ளப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணுக்குக் கவிதா என்று பெயர் வைத்துக்கொள்வோம். கெங்குவார்பட்டிக்காரி. அப்பா மாந்தோப்பில் காவல் வேலை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கண்மாய்க்கு ஏழு மடை. அந்த ஏழு மடையிலும் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. தமிழிலேயே எழுதினாள், அதுவும் கையால். நீளத் தாளில், நீல மசியில், அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. அவள் பக்கங்களை டைப் செய்வதென்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்த ஏழு மடையின் பட்டியல் ஆய்வேட்டில் நாலு இடத்தில் வந்தது. நாலு இடத்திலும் புள்ளி வைத்திருந்தாள். ஆனால் வரிசை மட்டும் இடத்துக்கு இடம் மாறியிருந்தது. மூன்றாம் இயலில் புளியமரத்து மடை முதலில் நின்றது. நாலில் அய்யனார் மடை. ஐந்தில் பள்ளத்து மடை. கடைசியில் இணைப்பில் கல்லு மடை.

எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன பிள்ளை இது, இவ்வளவு படித்தும் ஒரு பட்டியலை ஒரே மாதிரி எழுதத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் எனக்கென்று இரண்டு சட்டம் இருந்தது. ஒரு பட்டியல் எத்தனை இடத்தில் வந்தாலும் வரிசை ஒன்றாகவே இருக்க வேண்டும். "ஏழு மடைகள்" என்று எண்ணிக்கை சொல்லிவிட்டால், கீழே ஏழு எண் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்க்க அழகாக இருந்ததால் நானே வைத்துக்கொண்டவை.

இணைப்பில் இருந்த வரிசையை எடுத்து நாலு இடத்திலும் ஒட்டினேன். ஒன்று கல்லு மடை, ஏழு பள்ளத்து மடை. அதோடு விட்டேனா? ஐந்தாம் இயலில் ஒவ்வொரு வரியிலும் மடையின் பெயர் முழுசாக வந்து, பக்கம் நீண்டுகொண்டே போனது. பெயரை எடுத்துவிட்டு "மடை 1", "மடை 7" என்று போட்டேன். பதினான்கு பக்கம் பத்தாகச் சுருங்கியது. என் முதுகை நானே தட்டிக்கொடுக்காத குறைதான்.

கவிதா வந்தபோது, "பட்டியலையெல்லாம் சீர் பண்ணிட்டேன் கவிதா" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அன்று கல்லூரியில் ஏதோ கையெழுத்து வாங்கும் அவசரம். "நீங்க பாத்தா சரிக்கா" என்று சொல்லிவிட்டு, பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் அந்த ஊருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். எழுதியதை ஊர்க்காரர்களுக்கு வாசித்துக் காட்டாமல் பல்கலைக்கழகத்தில் கொடுக்கமாட்டேன் என்று. ஏழு மடைக்காரர்களும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை வாங்கவும் மாட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. அதுவும் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் கூடும் சாவடியில் வாசிக்கப் போனாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. என்னிடம் ஒரு கோபமும் காட்டவில்லை.

"அக்கா, அந்த நம்பர மட்டும் எடுத்துருங்க. பேரெல்லாம் பழையபடி போட்டுருங்க" என்றாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. அவுகளுக்குப் பிடிக்கல."

நான் விடுவேனா? நோண்டி நோண்டிக் கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள். அந்த ஊரில் மடைகளுக்கு முதல், கடைசி என்பதே கிடையாதாம். ஒவ்வொரு போகத்துக்கும் தண்ணீர் திறக்கும் முன்னால் அய்யனார் கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பார்கள். எந்த மடைக்குச் சீட்டு விழுகிறதோ அதற்கு முதல் முறை. அடுத்த போகத்துக்கு மறுபடியும் சீட்டு. ஒரு வரிசையை எழுத்தில் வைத்துவிட்டால் அதுவே நாளைக்கு உரிமையாகிவிடும் என்று, ஏழு பெயரையும் வரிசையாக யாரும் வாயால்கூடச் சொல்வதில்லை. அவரவர் மடையை அவரவர் சொல்வார்கள். கவிதா எந்த வீட்டில் உட்கார்ந்து கேட்டாளோ அந்த வீட்டு மடையில் ஆரம்பித்து எழுதியிருக்கிறாள். அதனால்தான் நாலு இடத்தில் நாலு வரிசை.

ஞாயிற்றுக்கிழமை சாவடியில்தான் அவள் நான் கொடுத்த பிரதியை முதன்முதலாகப் பிரித்து வாசித்திருக்கிறாள். "மடை ஏழு" என்று வந்த இடத்தில் ஒரு பெண் எழுந்து, "நிறுத்துத்தா" என்றிருக்கிறார். பள்ளத்து மடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்.

"நாங்க எப்பத்தா ஏழாவது ஆனோம்? நாளைக்கு ஒரு ஆபீசர் வந்து, புஸ்தகத்துலேயே ஒண்ணு ரெண்டுன்னு போட்டிருக்கேன்னு காட்டுனா எங்க பிள்ளைக என்ன சொல்லும்?"

ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. முதல் எண் வாங்கிய கல்லு மடைக்காரர்களும் போடவில்லை. நம்பர் போட்டது யார் என்று கேட்டதற்கு, "நான்தான் போட்டேன்" என்று தன்மேல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் கவிதா.

அவள் சொல்லி முடித்ததும் அவளுடைய கையெழுத்துப் பிரதியை எடுத்துப் புரட்டினேன். இரண்டாம் இயலிலேயே எழுதியிருந்தாள்: "மடைகளின் பெயர்களை இவ்வூரார் வரிசைப்படுத்திச் சொல்வதில்லை." என் பத்து விரலால் நானே டைப் செய்த வரி. டைப் செய்தேன், படிக்கவில்லை. பாவி, ஒரு வரியைப் படித்திருந்தால் போதுமே என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. மதியத்துக்குள் எண்ணை எடுத்து, பெயர்களைத் திரும்பப் போட்டு, நாலு பட்டியலையும் அவள் எழுதியபடியே வைத்துவிடலாம். ஆனால் அந்த ஊர் இனி அவளை நம்ப வேண்டுமே! ஆறு வருடம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, அவர்கள் வரப்பில் நடந்த பிள்ளை, கடைசியில் இப்படிச் செய்துவிட்டாள் என்றல்லவா நினைத்திருப்பார்கள்?

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றேன்.

"வாங்கக்கா. ஆனா வாயத் தொறக்காதீங்க. டைப் பண்ணவுக மாத்திட்டாகன்னு சொன்னா, அப்ப எழுதுனது நீ இல்லையான்னு கேப்பாக. அது இதவிடக் கேவலம்."

மறுநாள் சின்னமனூர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பேசினால் அவள் எழுத்தின்மேல் சந்தேகம் வரும். பேசாவிட்டால் என் தப்பை அவள் காலம் முழுக்கச் சுமக்க வேண்டும். எது சரி என்று எனக்கு அந்தப் பஸ்ஸில் தெரியவில்லை. ஆனால் கிளம்பும்போது ஒரு காரியம் செய்திருந்தேன். அவளுடைய கையெழுத்துப் பிரதி முழுவதையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துவந்திருந்தேன். எழுதியவர் கைப்பிரதியை ஆய்வேடு கொடுத்து முடிக்கும்வரை தூக்கிப் போடாதே என்பது மட்டும் இந்தக் கடையில் எனக்கு யாரோ சொல்லித் தந்த சட்டம். அது நல்ல சட்டம்.

சாவடியில் இருபது பேருக்குக் குறையாது. கவிதா புதிய பிரதியை நீட்டினாள். எண் இல்லை, புள்ளிதான் இருக்கிறது என்றாள். யாரும் கை நீட்டி வாங்கவில்லை. பள்ளத்து மடைப் பெண் தூணோரம் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கையில் களை எடுத்த மண் காயாமல் இருந்தது.

"புள்ளி வச்சா மட்டும் என்னத்தா? எது மேல இருக்கோ அதத்தானே மொதன்னு படிப்பாக?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தொழில் புத்தி விடவில்லை. "அகர வரிசையில போட்டுறலாம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படிப் போட்டா அய்யனார் மடை மொத வரும். அவுகளுக்கு மட்டும் ராசியா?" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவள் யார் என்று கேட்கிற பார்வை.

பள்ளத்து மடைப் பெண் என்னைக் கவனிக்கவில்லை. கவிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நம்பர்கூடப் பெருசில்லத்தா. ஆறு வருசம் எங்க வீட்டுல ஒருத்தியா இருந்த. இங்கன நாங்க வரிசை சொல்லமாட்டோம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டியா?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அந்தப் பிள்ள போடலங்க. நான் போட்டேன்" என்று எழுந்தேன். "தேனியில டைப் அடிக்கிறவ நான். அழகா இருக்கட்டும்னு அவகிட்ட கேக்காம நம்பர் போட்டுட்டேன். அவ எழுதுனது இந்தா இருக்கு, நீங்களே பாருங்க."

துணிப்பையைக் கவிழ்த்தேன். நீல மசித் தாள்கள் சாவடித் தரையில் சரிந்தன. வாசிக்கத் தெரிந்த ஒருவர் எடுத்து, மூன்றாம் இயல் பட்டியலைச் சத்தமாக வாசித்தார். புளியமரத்து மடையில் ஆரம்பித்தது. "இது எங்க வீட்டு வாசல்ல ஒக்காந்து எழுதுனது" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அடுத்து ஐந்தாம் இயல். பள்ளத்து மடையில் ஆரம்பித்தது.

பள்ளத்து மடைப் பெண் எழுந்துவந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வந்தது. விரல் வைத்து மேலே இருந்த பெயரைப் படித்தார். அப்புறம் கவிதாவின் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"ஏண்டி, இத அன்னைக்கே சொல்லிருக்க வேண்டியதுதானே? ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலடி."

கவிதா அப்போதுதான் அழுதாள். பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். திட்டு விழப்போகிறது என்று தயாராக நின்றேன்.

"நீங்க எந்த ஊருத்தா?"

"அல்லிநகரம்."

"அங்கன தண்ணி கொழாய்ல வருதாக்கும். அதான்" என்றார். சாவடியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

வழியும் அவரே சொன்னார். "தண்ணிக்கே சீட்டு எடுக்குறோம். பேருக்கு எடுக்க மாட்டோமா? சீட்டு விழுந்தபடி எழுது. சீட்டுப் போட்டு எழுதுனதுன்னு கீழ ஒரு வரியும் எழுதிரு."

நாலு பட்டியலுக்கும் நாலு முறை சீட்டு எடுத்தார்கள். நான் டைப் செய்த தாளின் ஓரத்தைக் கிழித்துத்தான் சீட்டு தயாரானது. முதல் பட்டியலுக்கு முதலில் விழுந்தது எது தெரியுமா? கல்லு மடை. நான் ஒன்று என்று எண் போட்ட அதே மடை. ஒரு முகம்கூடச் சுளிக்கவில்லை. "ராசிக்காரப் பயலுக" என்று பள்ளத்து மடைப் பெண்தான் முதலில் கேலி செய்தார்.

எல்லாம் முடிந்தது, இனிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று ஒப்புதல் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதுவும் நான் முந்தின வாரம் டைப் செய்ததுதான். நீட்டின பிறகுதான் என் கண்ணில் பட்டது. கடிதத்தின் கீழே கையெழுத்துக்கென்று கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரைக்கும் எண் போட்டு வைத்திருந்தேன்.

கவிதா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்த அம்மாவுக்கு நம்பர் போடாட்டி கை நிக்காது போல" என்றார் பள்ளத்து மடைப் பெண்.

அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள். திரும்பத் தேனி போய் அடித்துக்கொண்டு வருவதற்குள் யார் எங்கே இருப்பார்களோ. சட்டென்று அந்தத் தாளைத் திருப்பிப் போட்டேன். வெற்றுப் பக்கத்தின் உச்சியில், ஒப்புதல் கடிதத்தின் நாலு வரியை என் கையாலேயே பேனாவில் எழுதினேன். பல வருடமாகக் கையால் எழுதிப் பழக்கமில்லாத கை. எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. எழுதி முடித்து, தாளைத் தரையில் நடுவாக வைத்தேன்.

"கோடும் இல்ல, நம்பரும் இல்ல. எங்கன தோணுதோ அங்கன போடுங்க" என்றேன்.

சுற்றி உட்கார்ந்தார்கள். ஏழு பேர் ஏழு பக்கத்திலிருந்து குனிந்து போட்டார்கள். ஒன்று நிமிர்ந்து நின்றது, ஒன்று தலைகீழாக, ஒன்று மூலையில் சாய்ந்து. நடுவில் ஒரு கைநாட்டு. தாளை எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் ஒரு கையெழுத்தாவது நேராகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாங்கிய எழுத்தர் கடிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "இதுல எதும்மா முதல் கையெழுத்து?" என்று கேட்டாராம். கவிதா விளக்கமாகச் சொன்னாளாம். அவர் நாற்காலியில் சாய்ந்து முழுக் கதையையும் கேட்டுவிட்டு முத்திரை குத்தினாராம். இன்று அவள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். தன் மாணவர்களின் ஆய்வேடுகளை என்னிடம்தான் அனுப்பினாள், நான் ஓய்வு பெறும்வரை. ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டு வரும்: "அக்கா, படிச்சுட்டு அடிங்க."

அந்தப் பள்ளத்து மடைப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்காமல் வந்துவிட்டேனே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு. அன்று அவர் எழுந்து "நிறுத்துத்தா" என்று சொல்லாமல், சும்மா ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், என் எண்கள் அச்சேறி, அட்டை போட்டு, ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருக்கும். எந்த வருடம் எந்தச் சண்டையில் யார் அதை எடுத்துக் காட்டியிருப்பார்களோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. என்னை அந்தப் பாவத்திலிருந்து காப்பாற்றியவர் அவர். என் தப்பை இரண்டு நாள் தன் தப்பாகச் சுமந்தவள் கவிதா. இந்த இரண்டு பேருக்கும் நான் பட்ட கடன் தீராது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு பட்டியல் தாறுமாறாக இருப்பதுபோலத் தெரிந்தால், எழுதியவருக்கு ஒரு போன் போடுங்கள். ஏன் இப்படி வைத்தீர்கள் என்று கேளுங்கள். தெரியாமல் செய்தேன் என்றால் சரிசெய்யுங்கள். தெரிந்துதான் செய்தேன் என்றால், கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

ஜன்னலோர மேசைக்கு மேலே கண்ணாடி போட்டு ஒரு தாள் மாட்டியிருக்கிறதே, கோணல்மாணலாக ஏழு கையெழுத்தோடு? கையெழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன என்று போன வாரம் நீங்கள் சிரித்துக்கொண்டது அந்தக் கடிதத்தின் நகலைப் பார்த்துத்தான். அதில் முதலில் கையெழுத்துப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.